மோட்டார் கொட்டகையில் ஒரு கணக்கு நோட்டு



பேராவூரணி பக்கம் எங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனால், தோப்பில் இருக்கும் மோட்டார் கொட்டகையை எட்டிப் பார்க்காமல் திரும்ப முடியாது. பம்ப்செட்டுக்காகக் கட்டிய சின்ன அறை அது. இப்போது சுவர் முழுக்கப் பலகை அடித்து, மரம் அறுக்கும் மெஷின்களை வரிசையாக வைத்திருக்கிறார். செயின் சா, பவர் சா என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான். ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், பெயரே தேய்ந்து போனவை என்று மொத்தம் பதினொன்று. போன வாரம் எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.

இந்த மாதம் நான் எழுத நினைத்தது மெஷினைப் பற்றியல்ல. அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி.

“என் வீட்டுக்காரருக்குப் பழைய ரேடியோ என்றால் உயிர். எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இன்னொரு வீட்டில் மீன் தொட்டி, வேறொரு வீட்டில் கேமரா. பொருள்தான் வேறு, மனவருத்தம் ஒன்றுதான், இல்லையா? அதனால் அண்ணன் வீட்டுக் கதையையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எல்லாம் கஜா புயலில் ஆரம்பித்தது. 2018 நவம்பர் 16, விடியாத நேரத்தில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு படுத்துக் கிடந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள். அழுது முடித்த பிறகு, அவற்றை அறுத்து அப்புறப்படுத்த வேண்டுமே? வெளியூரிலிருந்து மெஷின் கொண்டு வந்தவர்கள் மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினார்கள். அதைக் கொடுத்துக் கட்டாது என்று பலர் சொந்தமாக மெஷின் வாங்கினார்கள். அண்ணனும் வாங்கினார்.

மண்ணில் கிடக்கும் மரத்தை அறுப்பது லேசான வேலையில்லை. ஓடுகிற செயின் ஒரு தடவை மணலைத் தொட்டால் போதும், முனை மழுங்கிவிடும். ராத்திரி சாப்பிட்டதும் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவுவார். இடது பல்லுக்கு ஒரு சாய்வு, வலது பல்லுக்கு எதிர்ச் சாய்வு. தள்ளும்போது மட்டும்தான் அரம் பல்லில் படும், இழுக்கும்போது தூக்கிவிடுவார். செயின் ஒரு சுற்று முடிய அரைமணி நேரமாகும். அந்தத் துக்கத்தில் அவரைக் கொஞ்சமாவது தேற்றியது அந்த அரம்தான் என்று அண்ணி சொல்வார்.

அந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்று ஒரு மரம்வெட்டி இருந்தார். 1946-ல் ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவை உட்கார்ந்து கவனித்தாராம். இடதும் வலதுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு அது கட்டைக்குள் புகுந்து போகிறது. அதே மாதிரி செயினுக்குப் பல் வைத்தார். 1947-ல் தொழிலாகவே தொடங்கிவிட்டார். இன்றைக்கும் நம் ஊர் மெஷினில் ஓடுவது அந்த வழியில் வந்த பல்தான். இதைச் சொல்லும்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

சரி, வேலை முடிந்தது. ஊரார் வாங்கிய மெஷின்கள் என்ன ஆயின? பெட்ரோலோடு அப்படியே பரணுக்குப் போயின. உள்ளே கிடந்த பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரி ஒட்டி, கார்புரேட்டர் அடைத்தது. அதற்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் விறைத்துப் போனது. இன்னும் சிலர் அவசரத்தில் டூடி ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டார்கள். பிஸ்டன் கோடு விழுந்து, சீஸ் ஆகி, கயிற்றை இழுத்தால் அசையாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள் காயலான் கடைக்கு எடைக்குப் போனது.

அண்ணன் அங்கேதான் போய் நின்றார்.

முதலில் வாங்கியது மூன்று. 1,100, 900, 1,500 என்று மொத்தம் 3,500 ரூபாய். மூன்றையும் கழற்றிப் போட்டு, ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் உறுப்பை வைத்து, மூன்றில் இரண்டுக்கு உயிர் கொடுப்பதுதான் திட்டம். புது கார்புரேட்டர் 550, பிஸ்டன் செட் 900, இரண்டு செயின் 1,000, பிளக், பெட்ரோல் டியூப், சில்லறைச் சாமான் 250. ஆக உதிரிபாகத்துக்கு 2,700. முழுச் செலவு 6,200. இரண்டு மெஷினையும் 4,500-க்கும் 3,800-க்கும் விற்றார். கையில் வந்தது 8,300.

“2,100 ரூபாய் லாபம்” என்று அண்ணன் சந்தோஷமாகச் சொன்னார்.

“ஓட்டிப் பார்த்த பெட்ரோல்? ஆயில்? பஸ் காசு? எல்லாம் வீட்டுப் பணத்தில்தானே போச்சு?” என்றார் அண்ணி. கூட்டிப் பார்த்தால் அது ஒரு 300. ஆக 1,800. ஐந்து ஞாயிற்றுக்கிழமை உழைத்ததற்கு 1,800 ரூபாய்.

இதைச் சம்பாத்தியம் என்று சொல்ல முடியுமா? முடியாது. யாரும் இதை நம்பி வேலையை விட வேண்டாம். ஆனால் வேறு விதமாகப் பாருங்கள். ஐந்து ஞாயிறு ஒரு மனிதர் தனக்குப் பிடித்ததைச் செய்தார், வீட்டிலிருந்து ஒரு பைசா போகவில்லை, மிஞ்சியதில் அடுத்த மெஷின் வாங்கலாம். சினிமாவுக்குப் போனாலும் காசு ஆகத்தானே செய்கிறது?

கணக்கு இப்படியே போயிருந்தால் எனக்கு எழுதவே ஒன்றும் இருந்திருக்காது. இரண்டு வருஷம் கழித்து, மகளுக்குக் கல்லூரியில் ஃபீஸ் கட்டும் மாதத்தில், அண்ணன் செல்போனில் ஒரு பழைய ஜெர்மன் மெஷினைப் பார்த்தார். நாற்பது வருஷத்துச் சரக்கு, நல்லா ஓடுது என்றார் விற்றவர். விலை 18,000. அண்ணன் வாங்கிவிட்டார். வீட்டில் 3,000 என்று சொன்னார்.

பேங்க் மெசேஜ் அண்ணி போனுக்கும் வரும் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

பார்சலைப் பிரித்தால் மெக்னீசியத்தில் வார்த்த எஞ்சின் கூட்டில் கையகல நீளத்துக்கு விரிசல். பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். மெக்னீசியத்தை எல்லோரும் வெல்டிங் வைத்துவிட மாட்டார்கள், அந்த மாடலுக்குப் புதுக் கூடும் கிடைக்காது. விற்றவர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. அந்த மெஷின் இன்னும் கொட்டகை மூலையில் சும்மா இருக்கிறது.

அண்ணி அன்று என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “பதினெட்டாயிரம் போனதுகூடப் பெரிசில்லை. என்கிட்ட மூவாயிரம்னு சொன்னாரு பாரு, அதான் தாங்கலை. நான் வேண்டாம்னா சொல்லிடுவேன்?”

உண்மையில் அண்ணி அந்த மாதம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அடுத்த மாதம் என்றிருப்பார். அண்ணனுக்கும் அது தெரியும், அதனால்தான் மறைத்தார். நம் வீடுகளில் விலை குறைத்துச் சொல்லப்படும் பொருள் எத்தனை! புடவைக்கும் அதே கதைதானே? சொல்கிறவருக்கு அது சின்னப் பொய். கேட்கிறவருக்கோ, இவர் சொன்ன மற்ற கணக்கெல்லாம் சரிதானா என்ற சந்தேகம் அன்றிலிருந்து தொடங்கிவிடுகிறது.

ஒரு வாரம் பேச்சு இல்லை. பிறகு அண்ணிதான் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டு போய்க் கொட்டகை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். மெஷினுக்கு ஒரு பக்கம். வாங்கிய விலை, போட்ட உதிரிபாகம், ஓட்டிப் பார்த்த பெட்ரோல், விற்ற விலை. கொட்டகைப் பணத்துக்கு அஞ்சலகத்தில் தனிக் கணக்கு. மெஷின் விற்ற காசு அதில்தான் விழும், அடுத்த மெஷினுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் பணம் இல்லையென்றால் வாங்கக் கூடாது. நகைச் சீட்டு, கல்லூரி ஃபீஸ், மருத்துவச் செலவு இவற்றின் பக்கம் கை போகவே கூடாது.

நான் ஒன்றே ஒன்று சேர்த்துச் சொன்னேன். முதல் செலவு பாதுகாப்புக்கு. அந்தச் செயின் ஒரு விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. செயின் சுற்றி ஓடும் பாரின் மேல் நுனி எதிலாவது இடித்தால் மெஷின் எகிறி ஆளின் முகத்துக்கே வரும். சத்தமோ காதையே கெடுக்கும். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, தொடையை மூடும் செயின் தடுப்பு உடுப்பு, நல்ல பூட்ஸ். இதற்குக் காசு இல்லை என்றால் அந்த மாதம் மெஷினும் இல்லை. அண்ணன் லுங்கியும் ரப்பர் செருப்புமாக மெஷின் ஓட்டியதைக் கஜா சமயத்தில் என் கண்ணால் பார்த்தவள் நான். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

நோட்டு வந்த பிறகு கொட்டகையில் வேறு மாற்றமும் தெரிந்தது. எந்த மெஷின் சோறு போடுகிறது, எது சும்மா இடத்தை அடைக்கிறது என்று எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது அல்லவா? இருபத்துமூன்று வரை ஏறியிருந்ததில் பன்னிரண்டை அண்ணனே விற்றார். ஒரே மாதிரி நாலைந்து இருந்ததெல்லாம் போயிற்று. மனசுக்குப் பிடித்த பதினொன்று மட்டும் நின்றது.

அக்கம்பக்கத்து மெஷின்களைப் பார்த்துக் கொடுப்பதிலும் கொஞ்சம் வருகிறது. முன்பெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது செயின் ராவ இவ்வளவு, கார்புரேட்டர் கழுவ இவ்வளவு என்று அண்ணி ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிட்டார். தெரிந்தவர்களிடம் காசு கேட்க அண்ணன் கூச்சப்பட்டார். எனக்கு அதில் கூச்சப்பட எதுவும் தெரியவில்லை. கைவேலைக்குக் கூலி கொடுப்பதுதானே முறை?

மெஷின் வைத்திருக்கும் வாசகர்களுக்கு அண்ணன் சொல்லச் சொன்னது ஒன்று. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். டூடி ஆயிலையும் கண் திட்டத்தில் ஊற்றாதீர்கள். 50-க்கு ஒன்று என்று மெஷினில் போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. அளந்து ஊற்றினால் பிஸ்டன் பிழைக்கும், காயலான் கடைக்கும் போகாது.

அவருக்கு ஒரு ஆசை மிச்சம் இருக்கிறது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் மெஷின் செய்தார், 1929-ல் பெட்ரோலில் ஓடுவதைக் கொண்டு வந்தார். அது இரண்டு பேர் பிடித்து அறுக்க வேண்டிய பெரும் பாரம். ஒரே ஆள் தூக்கி வேலை செய்யும்படி, கியர் இல்லாமல் நேரடியாகச் செயினை ஓட்டும் ‘கான்ட்ரா’ என்ற மாடல் 1959-ல் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தது. உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் தேடும் மெஷின் அது. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பு எழுதி, விலையை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். தனிக் கணக்கில் இப்போது 9,400 ரூபாய் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கூலியும் சுங்க வரியும் அதற்கு மேல் எங்கோ இருக்கின்றன. ஆனாலும் அவர் அவசரப்படவில்லை.

வாசகிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அவருக்கு இப்படி ஒரு கணக்கு இருந்தால், உங்களுக்கும் ஒன்று இருக்கிறதா? நோட்டைப் புரட்டியபோது கடைசிப் பக்கங்கள் எனக்குக் கண்ணில் பட்டன. அண்ணியின் கையெழுத்து. ஆரி எம்பிராய்டரி ஸ்டாண்ட் 1,350. ஊசி 120. ஜரிகை, கல் 640. அதற்குக் கீழே, தெருவில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு வாங்கிய கூலி 2,000.

“இது எப்ப அண்ணி ஆரம்பிச்சீங்க?” என்றேன்.

“நோட்டுல பக்கம் மிச்சம் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, காபி கலக்க உள்ளே போனார்.

அன்புடன்,
ஆசிரியர்