டூ-லெட் போர்டில் எழுதாத சாதி

மணலியிலோ எண்ணூரிலோ மாதவரத்திலோ வேலை கிடைத்து, குடும்பத்தோடு சென்னைக்கு வரப்போகும் தோழர்கள் எங்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எந்த ஏரியால வீடு பாக்கலாம் தோழர்?" பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் வர வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் பயமில்லாமல் இறங்கி நடக்க வேண்டும். வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடக் கூடாது. இதற்கெல்லாம் பதில் சொல்ல யூடியூபில் ஆள் இருக்கிறது. புழல் நல்ல இடம் என்பார்கள். ஜிஎன்டி ரோடு, மாதவரம் பேருந்து நிலையம், ஏரிக்காற்று, அண்ணா நகரைவிடக் குறைந்த வாடகை என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஏரியைக் காட்டும் கேமரா மத்தியச் சிறையின் மதிலைக் காட்டாது, அகதி முகாமைக் காட்டாது, அது வேறு விஷயம்.

அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. "ஃபேமிலிக்கு ஏற்ற ஏரியா" என்னும்போது ஃபேமிலி என்பது எந்தச் சாதி ஃபேமிலி? நாம் ஏரியாவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறோம். போய்ப் பார்த்தால் ஏரியா நம்மைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது.

வேலைக்கு நடந்த இன்டர்வியூ அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். வீட்டுக்கு நடக்கும் இன்டர்வியூ வாரக்கணக்கில் இழுக்கும். "சொந்த ஊரு எது தம்பி?" "விழுப்புரம் பக்கம்." "விழுப்புரத்துல எங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, காலனியா?" இப்படி நேராகக் கேட்பவர் ஒருவிதத்தில் நல்லவர், நம் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். சுற்றி வளைப்பவர்கள் குலதெய்வம் எது என்பார்கள், அப்பா பெயர் என்ன, தாத்தா என்ன தொழில் செய்தார் என்பார்கள். "நான்வெஜ் உண்டா?" என்று கேட்டு, உண்டு என்றால், "என்னென்ன சாப்புடுவீங்க?" என்பார்கள். அந்த 'என்னென்ன'வுக்குள் மாட்டுக்கறி ஒளிந்திருக்கிறது. வாடகை கட்டுவானா மாட்டானா என்பதைத் தெரிந்துகொள்ள இதில் எந்தக் கேள்வி உதவும்?

எங்கள் தோழர் ஒருவர் புழலில் ஒரு மாடி போர்ஷன் பார்த்தார். பிடித்திருந்தது, டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம் கொடுத்தார். ஓனர் அம்மா காபி கொடுத்தார், பிள்ளைக்கு பிஸ்கட்டும் கொடுத்தார். போகும்போது ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆதார் முகவரியில் 'காலனி' இருந்தது. மறுநாள் காலை புரோக்கர் போன் செய்தார். "சார், ஓனரோட தங்கச்சி பையன் குடிவர்றானாம், தப்பா நெனச்சுக்காதீங்க." அட்வான்ஸ் ஜிபேயில் திரும்பி வந்துவிட்டது. டூ-லெட் போர்டு மட்டும் மூன்று வாரம் அதே கேட்டில் தொங்கியது. தங்கச்சி பையன் இன்னும் வந்து சேரவில்லை.

'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் கேள்வி நின்றுவிடுமா? இதே மாதவரத்தில் பால்பண்ணைக் காலனி இருக்கிறது. நகரம் முழுக்க வங்கி ஊழியர் காலனியும் ரயில்வே காலனியும் இருக்கின்றன. அந்த முகவரியோடு போனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சொல்லுக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் படிக்கிறார்கள். நாளை முகவரியில் ஒரு தலைவர் பெயரோ பூவின் பெயரோ வந்தால், அதையும் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

புது வேலைக்காக ஊர் மாறி, வீடு கிடைக்காமல் நின்றவர்களில் நமக்கு நன்கு தெரிந்தவர் பாபாசாகேப். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலையில் சேரப் போனார். பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் இருவரைக் கேட்டார், இருவருமே கைவிரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதைப் பாடப்புத்தகக் கதையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரு கணக்கை மட்டும் கவனியுங்கள். அவருக்கு அன்று வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, உலகத்தின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களில் படித்த படிப்பு இருந்தது. வீடு இல்லாததால் வேலை போனது. இட ஒதுக்கீட்டில் வேலை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரிவதே இல்லை.

"அதெல்லாம் அந்தக் காலம், சிட்டில யாரு சாதி பாக்குறா?" என்பவர்களுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் செய்தது, 2015இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்தது. விளம்பரம் கொடுத்திருந்த வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம் சொல்லி, பெயரை மட்டும் மாற்றிப் போன் செய்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு மறுப்பே இல்லை. தலித் பெயருக்கு 18 சதவீதம் நேரடி மறுப்பு, முஸ்லிம் பெயருக்கு 31 சதவீதம். நேரில் போனபோது மறுப்பு இன்னும் கூடியது. இது தில்லிக் கதை, பெரியார் மண்ணில் நடக்காது என்பவர்கள் தைரியமாக இதே சோதனையை இங்கே நடத்த முன்வரட்டும்.

சரி, மறுக்கிறவர்கள் சொல்லும் நியாயம்தான் என்ன? ஒன்று, "சமையல் வாசனை". சுறாப்புட்டும் கருவாட்டுக் குழம்பும் மணக்கும் வடசென்னையில் நின்று இதைச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அதில் நேரம் செலவிட வேண்டாம்.

இன்னொன்று கொஞ்சம் நாசூக்கானது. "எனக்கு ஒண்ணும் இல்ல சார், மத்த குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க." தான் சாதி பார்ப்பதில்லை, பக்கத்துப் போர்ஷன் பார்க்கிறது, வீண் பிரச்சினை வரக் கூடாதே என்பதற்காகத்தான் மறுப்பு. இதே வாதத்தை ஓர் அரசே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பது மோதலைத் தவிர்க்கத்தான் என்றார்கள். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. சாதி பார்த்துக் கைதிகளைப் பிரிப்பதும் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. ஆக, புழல் சிறை மதிலுக்கு உள்ளே 'பக்கத்து அறைக்காரன் ஒத்துக்க மாட்டான்' என்று யாரையும் ஒதுக்க முடியாது. மதிலுக்கு இந்தப் பக்கம், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் ஒதுக்கலாமாம்.

"என் வீடு, என் இஷ்டம்" என்பது கடைசி வாதம். இங்கே நம் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியல் போடுகிறது, குடியிருக்கும் வீடு அதில் இல்லை என்கிறார்கள். 2005இல் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக்காட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைப் புரட்டினால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பவருக்குத் தண்டனை தரும் பிரிவு அதில் இல்லை. அதனால் சட்டத்தில் நமக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை எடுங்கள். 1976 வரை தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று பெயர். அதன் 4ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவைப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவதையோ, வாங்குவதையோ, அதில் குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம். ஒரு மாதத்துக்குக் குறையாத, ஆறு மாதம் வரையிலான சிறை, கூடவே அபராதம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. தங்கச்சி பையனை அவர்தான் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும்.

அபராதம் எவ்வளவு தெரியுமா? 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய். புரோக்கர் கமிஷனே அதைப்போலப் பல மடங்கு. 1976க்குப் பிறகு வாடகை ஏறியது, அட்வான்ஸ் ஏறியது, தீண்டாமையின் விலை மட்டும் ஏறவில்லை. இதைத் திருத்து என்று கேட்கத் தோன்றாத கட்சிகள்தான் தேர்தல் வந்தால் நம் தெருவுக்கு வந்து சமபந்தி சாப்பிடுகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் கையில் இருக்கிறது. சேவை பெறும் வாய்ப்பை மறுப்பதையும் அது பொருளாதாரப் புறக்கணிப்பில் சேர்க்கிறது. வீடு மறுப்பு அதற்குள் வரும் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் வாதிட வழக்கு வேண்டும், வழக்குக்குப் புகார் வேண்டும். புகாரே இல்லை. ஏனென்றால் இது நமக்கு நேரும்போது குற்றம் என்று நினைப்பதில்லை, அவமானம் என்று நினைத்து விழுங்கிவிடுகிறோம். மனைவியிடம்கூடச் சொல்லாமல் "வீடு சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறோம்.

நம்மவர்கள் சொல்லும் இரண்டு யோசனைகளைப் பற்றியும் பேசிவிட வேண்டும். முதல் யோசனை: "எதுக்கு வம்பு, நம்ம ஆளுங்க ஏரியாவுலயே பாரு." வியாசர்பாடியும் புளியந்தோப்பும் எங்கள் பெருமை. பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களின் மண் அது. கால்பந்தும் கேரமும் குத்துச்சண்டையும் இரவுப் பள்ளிகளும் வளர்த்த தெருக்கள். அங்கே வாழ விரும்பி வாழ்வது வேறு. வேறெங்கும் கதவு திறக்காததால் அங்கே போய்ச் சேர்வது வேறு. போய்ச் சேர்ந்தவர்கள் தலைமாட்டில்தான் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு இருக்கிறது. அந்த முகவரி கொடுத்தால் வங்கிக் கடனும் வேலையும் எப்படிப் பின்வாங்கும் என்பதைக் கண்ணகி நகர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதில் நம் நடுத்தர வர்க்கத்தின் பங்கும் உண்டு. இரண்டு சம்பளம் வந்து, கார் வாங்கியவுடன், "அங்க இருந்தா புள்ள கெட்டுப் போயிடும்" என்று வியாசர்பாடியைப் பற்றிப் பேசும் நம் அண்ணன்கள், அந்த ஓனர் பேசும் அதே மொழியைத்தான் பேசுகிறார்கள். அவர் இவர்களைப் பற்றிச் சொன்னதை இவர்கள் சொந்தச் சித்தப்பா வீட்டைப் பற்றிச் சொல்கிறார்கள்.

இரண்டாவது யோசனை: "சொல்லாம இருந்துடு." பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறார்கள். இருக்க இடமில்லாமல் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். ஆனால் இதற்கு என்ன விலை என்பதைப் பேசியாக வேண்டும். பாபாசாகேப் படம் பெட்டிக்குள் போகிறது. ஏப்ரல் 14 அன்று நீலத்துண்டு போடாமல் கிளம்பி, பஸ்ஸில் ஏறிய பிறகு போட்டுக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து வரும் அம்மாவிடம், "கீழ்வீட்டுக்காரங்க கேட்டா நம்ம தெருப் பேரு சொல்லாத" என்கிறார்கள். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்குகிறார்கள். அந்தப் பிள்ளை ஏன் என்று கேட்கும் நாளில் என்ன பதில் வைத்திருக்கிறோம்? ஆறு வயதுப் பிள்ளை விளையாடும்போதுகூட வாயை அளந்து பேச வேண்டிய இடத்தை 'ஃபேமிலிக்கு ஏற்ற ஏரியா' என்று எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதியில் நிறவெறியைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. சட்டம் தானாக வேலை செய்யவில்லை. ஒரே வீட்டுக்கு ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் தனித்தனியாக அனுப்பிச் சோதித்தார்கள். வர்ஜீனியாவில் கறுப்பினச் சோதனையாளருக்குக் காலியில்லை என்றும் வெள்ளையருக்குக் காலியிருக்கிறது என்றும் சொன்ன நிறுவனம் மீது வழக்குப் போட்டார்கள். உண்மையில் குடிபோகும் எண்ணம் இல்லாவிட்டாலும், பொய் சொல்லப்பட்டவருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதை இங்கே செய்ய மாணவர்கள் போதும். நாங்கள் மாதவரம் ரவுண்டானாவில் தொடங்கி ரெட்டேரி, கதிர்வேடு, புழல் வழியாகச் செங்குன்றம் வரை போகத் திட்டமிட்டிருக்கிறோம். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். ஒரே சம்பளம், ஒரே குடும்ப அளவு சொல்ல வேண்டும். ஒருவர் தன் ஊரையும் தெருவையும் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். கேட்ட கேள்விகள், சொன்ன பதில், தேதி, நேரம், போர்டின் படம் எல்லாவற்றையும் அன்றே எழுதி வைக்க வேண்டும். வீட்டுக்காரரோடு வாக்குவாதம் வேண்டாம், அது நம் வேலை இல்லை. புகார் எழுதும்போது 'வீடு தர மறுத்தார்' என்று மட்டும் எழுதினால் காவல் நிலையத்தில் சிவில் தகராறு என்று திருப்பி அனுப்புவார்கள். பிரிவு 4, உட்பிரிவு 8, பிரிவு 12 என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். சட்டக் கல்லூரித் தோழர்கள் நால்வர் புகார்ப் படிவம் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள். வீடு தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் தங்களுக்கு நடந்ததைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள்.