பழைய டிராக்டர், புது பெயிண்ட்

பழைய டிராக்டருக்குப் பெயிண்ட் அடிப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் வண்டியை விற்கப் போகிறவர். மற்றவர் வைத்துக்கொள்ளப் போகிறவர். இருவர் கையிலும் இருப்பது அதே டப்பா, அதே பிரஷ்தான். ஆனால் முதலாமவர் வண்டியை மூடுகிறார். இரண்டாமவர் திறந்து பார்க்கிறார்.

முதல் ரகத்தின் கைவண்ணத்தைக் காண பஞ்சாபுக்குப் போக வேண்டும். மோகா, தல்வண்டி பாய் போன்ற ஊர்களில் பழைய டிராக்டர்களுக்கென்றே சந்தை கூடுகிறது. சில வண்டிகள் கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கும். கிட்டே போய்ப் பார்த்தால் கதை வேறு. ரப்பர் குழாய் மேல் பெயிண்ட், கிரீஸ் நிப்பிள் மேல் பெயிண்ட், ஒயர் மேல் பெயிண்ட். எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல் அதன் மேலேயே அடித்திருப்பார்கள். கையில் ஒரு சின்ன காந்தம் இருந்தால் போதும். மட்கார்டில் வைத்தால் ஒட்டாமல் கீழே விழும் இடங்களில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அந்த வண்டியை வாங்குகிறவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வாங்குகிறார். பெயிண்ட் மறைத்த விரிசலுக்கும் சேர்த்து அவர்தான் வட்டி கட்டுவார்.

இந்தக் கட்டுரை இரண்டாவது ரகத்துக்கானது. புதிய டிராக்டரின் விலை பல லட்சம். 2025 செப்டம்பரில் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகும் நாலைந்து ஏக்கர்காரருக்கு அது எட்டாத உயரம்தான். ஓடுகிற வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டுவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். அந்தப் பத்து வருடத்துக்குக் குறுக்கே நிற்கும் முதல் எதிரி துரு.

எச்.எம்.டி. டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் கைக்கடிகாரத்தால் அறிமுகமான அதே அரசு நிறுவனம், செக்கோஸ்லோவாகியாவின் ஸெட்டார் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1971ல் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. 2016ல் டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஆலை போய்விட்டது. வண்டிகள் போகவில்லை. பஞ்சாப், ஹரியானா வயல்களில் எச்.எம்.டி. இன்னும் உழுகிறது. ஆனால் கம்பெனிப் பெயிண்ட் கேட்டு ஷோரூமுக்குப் போக அந்தச் சொந்தக்காரருக்கு வழியில்லை. வேலையை வீட்டு முற்றத்தில்தான் முடிக்க வேண்டும்.

எப்போது முடிப்பது? கோதுமை வயலில் நிற்கிற பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் வடக்கே தோதான காலம். டிராக்டருக்கு வேலை குறைவு. ஜனவரிப் பனிமூட்டம் விலகியிருக்கும், மே மாதப் புழுதிக் காற்று வந்திருக்காது. அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. காலையில் தகட்டின் மேல் பனி ஈரம் காய்ந்த பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும். பிற்பகல் நாலு மணிக்கு நிறுத்திவிட வேண்டும். ஈரத் தகட்டில் அடித்த பெயிண்ட் முதல் மழையிலேயே கொப்பளிக்கும்.

இந்த வேலையில் பெயிண்டின் விலை சிறு பங்குதான். பெயிண்டரிடம் கொடுத்தால் கூலிதான் கையைக் கடிக்கும். அந்தக் கூலியிலும் பெரும்பகுதி சுரண்டுவதற்கும் தேய்ப்பதற்கும் போகிறது. நீங்கள் மிச்சப்படுத்தப் போவது அதைத்தான். எனவே ஒரு வாரம் ஒதுக்கினால் அதில் நாலு நாள் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது.

முதல் நாள் குளியல். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஏர் கிளீனர் வாய், சைலன்சர் வாய், டைனமோ, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் கட்டி மூடுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பிசுக்கைக் கரைத்த பின், வாஷிங் சோடா கலந்த வெந்நீரும் சோப்பும் போட்டு இன்னொரு முறை கழுவ வேண்டும். டீசலோடு நிறுத்திவிட்டால் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மிஞ்சும். அதன் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. பிசுக்கு போகும் முன்பே உப்புத்தாளைக் கையில் எடுப்பதும் வீண்தான். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும். காஸ்டிக் சோடா சீக்கிரம் வேலை செய்யும் என்பார்கள். உண்மைதான். அலுமினிய பாகங்களையும் சேர்த்து அரித்துவிடும்.

இரண்டாவது நாள் கழற்றும் நாள். பானட், மட்கார்டு, பேட்டரிப் பெட்டி, விளக்குகள் ஆகியவற்றைக் கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே போனது என்ற சண்டை பிறகு வராது. ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டும் தனித்தனி டப்பாவில் இருக்கட்டும்.

கழற்றிய பிறகுதான் வண்டி பேசத் தொடங்கும். நெல்லுக்குச் சேறு கலக்கிய வண்டியானால் மட்கார்டின் அடிப்பக்கமும் கால் வைக்கும் தகடும் பொத்துப் போயிருக்கும். ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். உரமூட்டை ஏற்றிய வண்டியில் உப்பு அரித்த தடம் தெரியும். பேட்டரிப் பெட்டியில் ஆசிட் தின்ற தகடு இருக்கும். அங்கே ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, நுரை அடங்கும் வரை கழுவினால்தான் ஆசிட் சாகும். சக்கரத்துக்குள் தண்ணீர் நிரப்பி ஓட்டியிருந்தால் வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடித்திருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கே விரிசல், எங்கே ஒழுகல், எந்த போல்ட் இல்லை என்று. மெக்கானிக்கிடம் போனால் இந்தச் சோதனைக்கே காசு. உங்களுக்கு இது இனாம்.

மூன்றாவது, நான்காவது நாட்கள் தேய்ப்புக்கு. சுரண்டி, கம்பி பிரஷ், பிறகு 80ம் நம்பர் எமரி, 120, கடைசியில் 220ம் நம்பர் வாட்டர் பேப்பர். பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அதை உரித்தெடுக்க வேண்டியதில்லை. பளபளப்பு போகும்படி தேய்த்தால் போதும். பொத்தல் விழுந்த இடத்தைப் பட்டியால் அடைக்காதீர்கள். தகடு வெட்டி வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஆனால் டீசல் டாங்க்கை வீட்டில் வைத்து வெல்டிங் செய்யும் எண்ணமே வேண்டாம். காலி டாங்க்கிலும் ஆவி இருக்கும். வெடிப்பது அதுதான்.

தேய்க்கும்போது தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டுகளில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். வீடுகளுக்கான பெயிண்டுகளிலும் அலங்காரப் பெயிண்டுகளிலும் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016ல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. உங்கள் டிராக்டரின் பெயிண்டோ அதற்கும் பல வருடம் மூத்தது. உலர்ந்த தூசியாகப் பறக்கும் ஈயம் முதலில் பாதிப்பது முற்றத்தில் விளையாடும் குழந்தைகளின் மூளையை. எனவே குழந்தைகளைத் தள்ளி வையுங்கள், கீழே பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். முகமூடி மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

இனி பெயிண்ட். 35 குதிரை சக்தி வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் ரெட் ஆக்சைடு பிரைமர், பானட்டுக்கும் மட்கார்டுக்கும் இரண்டு லிட்டர், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இரண்டு லிட்டர், சக்கரங்களுக்கு ஒரு லிட்டர் சிந்தெடிக் எனாமல் பிடிக்கும். நிறத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லி வாங்க வேண்டாம். பானட்டின் மேல்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும். பெயர்த்தகட்டைக் கழற்றினால் அதன் அடியில் அசல் நிறம் அப்படியே இருக்கும். கலந்து கொடுக்கும் கடைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவையான மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் கலக்கும் நீலம் இந்த வார நீலமாக இருக்காது.

பிரைமர் அடித்துவிட்டு வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும். சின்னச் சின்னப் பள்ளங்களுக்கு மட்டும் மெல்லிய பட்டி, மறுபடி தேய்ப்பு, அதன் மேல் எனாமல். கெட்டியாக ஒரு கோட்டைவிட மெல்லியதாக இரண்டு கோட் உழைக்கும். நடுவில் ஒரு இரவு இடைவெளி வேண்டும். எனாமலில் கலக்க டர்பன்டைன்தான் சரி. என்.சி. தின்னரை ஊற்றினால் அடியில் இருக்கும் எனாமல் சுருங்கிக் கிளம்பும்.

கார்களுக்கு அடிப்பதுபோல ஹார்டனர் கலந்த பாலியூரித்தேன் பெயிண்டை ஸ்பிரே செய்யலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பளபளப்பு பிரமாதம்தான். ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. வீட்டு முற்றத்துக்கு பிரஷ்ஷும் எனாமலும் போதும். முன்பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தால், தேய்த்துத் தயார் செய்த பானட்டை மட்டும் பட்டறையில் கொடுத்து ஸ்பிரே செய்து வாங்குங்கள். செலவு அதோடு நிற்கும்.

எங்கே அடிக்கக் கூடாது என்பதும் முக்கியம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் கூடாது. சூடு வெளியேறுவது குறையும். ரப்பர் குழாய், ஃபேன் பெல்ட், கிரீஸ் நிப்பிள், ஹைட்ராலிக் லிப்டில் வழுக்கி நகரும் பாகங்கள் எதிலும் கூடாது. சைலன்சரில் சாதாரண எனாமல் கருகிப்போகும். அதற்கு வெப்பம் தாங்கும் அலுமினியம் பெயிண்ட் தனியாகக் கிடைக்கிறது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் செருகிவிட்டால் டயரில் பெயிண்ட் படாது. சேசிஸ் எண், எஞ்சின் எண் பொறித்த இடத்தில் பட்டி, பெயிண்ட் எதுவும் ஏறக் கூடாது. எண் தெரியாத வண்டியைப் பார்த்தால் போலீசும் சந்தேகப்படும், இன்ஷூரன்ஸும் சந்தேகப்படும். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அசல் நிறத்தையே அடித்தால் அந்த அலைச்சல் இல்லை.

கடைசியாக, பின்பக்கம் ஒட்ட ஒரு சுருள் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் வாங்குங்கள். வட இந்தியக் குளிர்காலப் பனிமூட்டத்தில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு உங்கள் புது நீலம் தெரியப்போவதில்லை. அந்த டேப்தான் தெரியும்.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் என்ன நிறம் என்று கேட்டால், கம்பெனி நிறம் கருமையாக இல்லாதவரை அதையே அடியுங்கள். சாம்பல் போன்ற வெளிர் நிறமானால் இன்னும் நல்லது. புதிதாகக் கசியும் ஒரு சொட்டு எண்ணெய்கூட மறுநாளே கறுப்புத் தடமாகத் தெரியும். கேஸ்கட் கிழிந்ததை எஞ்சின் மடங்கிய பிறகு தெரிந்துகொள்வதற்கும், ஒரு சொட்டில் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் சில நூறு ரூபாய்க்கும் பல ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

நாளைக்கு நிலைமை மாறி, அந்த வண்டியை நீங்களே சந்தைக்கு ஓட்டிப்போக வேண்டியும் வரலாம். அப்போது நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். எங்கே வெல்டிங் வைத்தது, எந்தக் கேஸ்கட்டை எப்போது மாற்றியது என்று வாங்குகிறவரிடம் காட்டலாம். அவரும் உங்களைப் போலக் கடன் வாங்கி வந்த விவசாயிதான்.