அதே ஏரி, காலை ஆறு மணி



கொடைக்கானல் ட்ரெக்கிங் போய் வந்ததிலிருந்து எல்லாரும் கேட்பது, "போட்டிங் போனீங்களா? குதிரை ஏறினீங்களா?" என்றுதான். நான் சொல்ல வந்தது வேறு.

போய் இறங்கிய அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நிற்கவே இடமில்லை. 1863-ல் உருவாக்கிய ஏரி அது. சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர். கூட்டம் முழுக்க படகுத்துறைப் பக்கம். ஒரே ஹாரன் சத்தம். "இந்த ஊர்ல அமைதியே இல்லடா!" என்று நான் சொன்னேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்!

மறுநாள் காலை ஆறு மணி. சீக்கிரம் எழுந்த ஐந்து பேரை சார் அதே ஏரிக்குக் கூட்டிப் போனார். "பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது" என்றார். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம், கட்டிப் போட்ட படகுகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

அன்றே வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாதையில் இறங்கினோம். நாங்கள் ஐந்து பேரும் முன்னால். புதருக்குள் 'சடசட'வென்று ஏதோ முறிந்தது. வழிகாட்டி அண்ணன் கையைத் தூக்கினார். காட்டுமாடு! அப்படியே நின்றோம். பின்னால் வந்தவர்களோ பாடிக்கொண்டே வந்தார்கள். அது தலையைத் தூக்கி எங்கள் பக்கம் ஓரடி வைத்தது. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. நல்லவேளை, திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. "சத்தம் போட்டா மிரளும், மிரண்டா முட்டும்" என்றார் அண்ணன்.

"ஜாலிக்குத்தானே போறோம்? சும்மா இருக்கணும்னா வீட்டிலேயே இருக்கலாமே" என்கிறார்கள் சிலர். ஜாலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடி வந்தவர்கள் யாரும் அந்தக் காட்டுமாட்டைப் பார்க்கவே இல்லை. நாங்கள் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். காட்டுக்குள் போய் நின்றுகொண்டு திடீரென்று 'பேசாதே' என்றால் யாருக்கும் வராது. முந்தியே பழக வேண்டும்.

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் மலை ஏறும் முன் அந்தப் பத்து நிமிஷத்தை ஐந்து பேருக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் கொடுங்கள். சாக்லேட் வாங்குகிற நேரத்தில் கொஞ்சம் குறைத்தால் போதும்!

நண்பர்களே, நீங்கள் என்ன சொல்றீங்க?

- 9-ஆம் வகுப்பு மாணவன்