ஆறறிவு நமக்கு மட்டுமா?

நேத்து ராத்திரி மானிட்டர் மேல ஒரு குதிக்கும் சிலந்தி. பேப்பரைச் சுருட்டி ஓங்கிட்டேன். சட்டுனு திரும்பி என்னையே பார்த்துச்சு. கை இறங்கலை.

காரணம், போர்ஷியா. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவில் வாழும் குதிக்கும் சிலந்திப் பேரினம். 1878-ல் கார்ஷ் வைத்த பெயர். ஆள் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். பார்க்க வெறும் சருகு. சாப்பாடு? மற்ற சிலந்திகள்தான்!

அடுத்தவர் வலையில் ஏறி, காலால் இழையை மீட்டும். பூச்சி சிக்கிடுச்சுன்னு வலைக்காரர் ஓடி வந்தால் காலி. வரலைன்னா தாளத்தை மாத்தி மாத்திப் பார்க்கும். எது பலிக்குதோ அதையே பிடிச்சுக்கும். நேர்வழி இல்லைன்னா, இரை கண்ணுக்கு மறைஞ்சாலும் சுத்திப் போய்ப் பிடிக்கும்.

பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் இருக்கும் போர்ஷியா லேபியாட்டா இன்னும் கில்லாடி. அங்கே பசை துப்பும் சிலந்தி உண்டு. அதனால் அதைப் பின்பக்கமாகவே நெருங்கும். ஆனால் முட்டைகளை வாயில் கவ்வியிருக்கும் தாய் சட்டுனு துப்ப மாட்டாள். அவளிடம் மட்டும் நேருக்கு நேர்!

இதெல்லாம் பிறவிக் குணம்னு ஒதுக்கிடலாமா? கொஞ்சம் அப்படித்தான், ஒத்துக்கிறேன். ஆனா செஞ்சு பார்த்து, பலிக்கலைன்னா மாத்திக்கிறதுக்கு அறிவுன்னுதானே பேர்? அதை நமக்கு மட்டும் பட்டா போட்டுக்கிறது ரொம்ப ஓவர்.

மானிட்டரில் வந்தவர் போர்ஷியா இல்லை, தூரத்துச் சொந்தம்தான். இருந்தாலும் பேப்பரை விரிச்சுப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். அவரும் கூடவே படிச்ச மாதிரிதான் இருந்துச்சு :-)