அச்சு அசல் ரெக்கார்டு மாதிரி

நம்ம பக்கத்துத் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரிக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு ஒன்று உண்டு. "அச்சு அசல் ரெக்கார்டு மாதிரியே பாடினாங்கப்பா!" எண்பதுகளில் ஆரணியிலோ பெரியபாளையத்திலோ பொன்னேரியிலோ மெல்லிசைக் குழு மேடையேறினால், மறுநாள் டீக்கடையில் இந்த வார்த்தைதான் அடிபடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் போகிற பஸ்ஸிலும் அதே பேச்சுதான். அந்தப் பாராட்டுதான் அந்தக் குழுக்களைக் கொன்றது என்பது என் கட்சி.

ரெக்கார்டு மாதிரி இருப்பதுதான் பெருமை என்றால், ரெக்கார்டே போதுமே! அப்புறம் ஆள் எதற்கு? அப்படித்தான் நடந்தது. முதலில் கீபோர்டு வந்தது, வயலின்காரர்கள் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் ரிதம் பேட் வந்தது, தபேலாவும் டோலக்கும் போயின. இப்போது ஒரு பென் டிரைவில் டிராக் ஓடுகிறது, இரண்டு பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். எனக்குத் தெரிந்த தபேலாக்காரர் ஒருவர் கடைசிக் காலத்தில் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார். கையெழுத்துப் போடுகிற நோட்டின் மேல் விரல் தட்டிக்கொண்டே இருப்பார்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அறுபதைத் தாண்டிய யாரிடமாவது குன்னக்குடி வைத்தியநாதன் பேரைச் சொல்லிப் பாருங்கள். என்ன பாட்டு வாசித்தார் என்று முதலில் சொல்ல மாட்டார்கள். நெற்றி நிறைய விபூதியும் குங்குமமுமாக, வாசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, வலையப்பட்டி சுப்பிரமணியம் பக்கம் திரும்பிச் சிரித்ததைச் சொல்வார்கள். வயலின் ஒரு கேள்வி கேட்கும், தவில் பதில் சொல்லும். பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வி வரும். பெரிய பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர், 1976-இல் அதை விட்டுவிட்டுத் தனிக் கச்சேரிக்கு வந்தார். தெருக்கோடி வரை கேட்கிற தவிலையும் வயலினையும் ஜோடி சேர்த்தார். சினிமாப் பாட்டும் வாசிக்கிறாரே என்று சபாக்களில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஜனங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நான் அவர்களைக் கேட்டது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வந்த பாட்டு ஒன்று உண்டு. ஆனால் ஒரே மாதிரி வரவில்லை. முதல் தடவை தவில் தனி ஆரம்பித்தபோது என் மடியில் இருந்த பையன் தூங்கிப்போனான். தவில் சத்தத்தில் தூக்கமா என்று கேட்காதீர்கள், தூங்கினான். அவன் எழுந்தபோதும் அது முடியவில்லை. குன்னக்குடி 2008-இல் காலமானார். என் பையனுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் ஆகிறது, அந்த ராத்திரியை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா காலத்துக்காரர்கள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். அவர் 1956-இல் போய்விட்டார். தோடி இசைத்தட்டு இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். பெரியவர்கள் பேசியதெல்லாம் தட்டைப் பற்றி அல்ல. சுவாமி புறப்பாட்டில், வீதி முனையில் நின்று, மணிக்கணக்காக அவர் ஊதியதைப் பற்றித்தான். மணிக்கணக்கு என்பதில் கொஞ்சம் மிகை இருக்கும், இருக்கட்டும். சொல்லச் சொல்லக் கூடுகிற நேரம் அது.

அமெரிக்காவிலும் இந்தப் பைத்தியம் உண்டு என்று அங்கே இருக்கும் என் தம்பி மகன் சொன்னான். கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு குழு. 1965 முதல் 1995 வரை இரண்டாயிரத்துக்கு மேல் கச்சேரி செய்தவர்கள். இன்று என்ன பாட்டு, எந்த வரிசை என்பது ராத்திரிக்கு ராத்திரி மாறும். ஒரே பாட்டு ஒருநாள் கொஞ்ச நேரத்தில் முடியும், இன்னொரு நாள் நீண்டுகொண்டே போகும். இந்த வகைக் குழுவுக்கு அங்கே 'ஜாம் பேண்ட்' என்று பெயர். ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். 1984-இல் அவர்கள் பதிவு செய்வதற்கென்று குழுவே தனி இடம் ஒதுக்கியது. காசு வாங்காமல் கேசட்டை மாற்றிக்கொண்டார்கள். 1977 மே 8-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கச்சேரியை, காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவு என்று அந்த நாட்டு நாடாளுமன்ற நூலகம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்த ராத்திரி உசத்தி என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லையாம். தோடிக்காகத் திண்ணையில் சண்டை போட்டவர்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

"அதெல்லாம் சரிண்ணா, இந்தக் காலத்துப் பசங்க உக்கார மாட்டாங்க. ராகம் தாளம் யாருக்குத் தெரியும்?" என்கிறார் விழாக்குழுவில் இருக்கும் ஒரு தம்பி.

அவருக்கு என் பதில் நம்ம ஊர் அம்மன் கோயில் வாசலிலேயே இருக்கிறது. ஆடி மாசம் பம்பைக்காரர்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று போட்டி போட்டு அடிக்கும்போது பசங்க நகர்கிறார்களா? உடுக்கை சேர்ந்துகொண்டால் கையிலிருக்கும் ஐஸ் உருகி வழிவதுகூடத் தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களில் யாருக்குத் தாளம் தெரியும்? அடுத்த அடி எப்படி விழும் என்று தெரியாததால்தான் நிற்கிறார்கள். டிராக் ஓடுகிற மேடையில் அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பாதியில் எழுந்து பானிபூரி வண்டிக்குப் போகிறார்கள்.

மேளக்காரர்களை நாம் நடத்துகிற விதத்தையும் சொல்ல வேண்டும். தாலி கட்டக் கெட்டிமேளம், சுவாமி புறப்பட ஒரு மல்லாரி. அதற்குமேல் அவர் ஒரு ராகத்தை எடுத்தால், "போதும் நிறுத்துங்க, டிஜே ரெடியா இருக்காங்க" என்று யாராவது கை காட்டுகிறார்கள். வாசிக்க நேரமே கிடைக்காத வித்தையை எந்தப் பிள்ளை கற்றுக்கொள்வான்? அவனும் காண்ட்ராக்ட் லேபராக சிப்காட் பஸ்ஸில்தான் ஏறுவான்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. திருவிழா ராத்திரிகளில் ஒன்றே ஒன்று. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், நியாயம்தான். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் முழுசாக இருக்கிறது. நாதஸ்வரமோ, பம்பை உடுக்கையோ, மெல்லிசைக் குழுவே ஆனாலும் சரி, வாத்தியம் வாசிக்கிற ஆட்கள் வரட்டும். அவர்கள் கையில் பாட்டு லிஸ்ட்டைக் கொடுக்காதீர்கள். நடுவில் நிறுத்தச் சொல்லிச் சீட்டு அனுப்பாதீர்கள். சீரியல் செட் லைட்டுக்குக் கொடுப்பதில் பாதியையாவது கூலியாகக் கொடுங்கள்.

ஆடி வசூலுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். நான் எப்போதும் கொடுப்பதைக் குறைக்கப்போவதில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்பேன்: "தம்பி, எத்தனை ராத்திரி ஆளு வாசிக்கிறாங்க, எத்தனை ராத்திரி பென் டிரைவ்?" நீங்களும் கேளுங்கள். நாலு வீட்டில் கேட்டால் குழுவில் பேச்சு வரும்.