கண் சிமிட்டும் விளக்கு



"கம்ப்யூட்டர் வேலை படித்தவர்களுக்கு; பால் வெட்டும், செம்பனைக் குலை அறுக்கும் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். இன்று பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

தேவையானவை: அர்டுயினோ ஊனோ பலகை, அதைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. கம்பி, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, 220 ஓம் மின்தடை ஒன்று. பலகையிலுள்ள கறுப்புச் சில்லுதான் மைக்ரோகண்ட்ரோலர். கட்டளைகளை நினைவில் வைத்து நிறைவேற்றும் சிறு மூளை அது.

விளக்கின் நீண்ட காலோடு மின்தடையின் ஒரு முனையை முறுக்குங்கள். மறுமுனையை 13 என்ற துளையிலும், விளக்கின் குட்டைக் காலை அதற்கு அடுத்துள்ள ஜி.என்.டி. துளையிலும் செருகுங்கள். மின்தடையை மறக்க வேண்டாம். துளையில் வருவது 5 வோல்ட். சிவப்பு விளக்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். தடை இல்லாவிட்டால் விளக்கும் பலகையும் கெடலாம். வீட்டுச் சுவர் மின்சாரத்தை இதில் நேராகக் கொடுக்கவே கூடாது.

இனி, கணினியில் அர்டுயினோ மென்பொருளைத் திறந்து, எடுத்துக்காட்டுகளில் 'பிளிங்க்' என்பதை எடுங்கள். பலகையின் பெயரையும் போர்ட்டையும் தேர்ந்தெடுத்து, 'அப்லோட்' பொத்தானை அழுத்துங்கள். கட்டளைகள் நான்கே: எரி, 1000 மில்லி நொடி, அதாவது ஒரு நொடி, காத்திரு, அணை, மீண்டும் ஒரு நொடி காத்திரு. பிறகு முதலிலிருந்து தொடங்கும்.

பலகையிலேயே உள்ள குட்டி விளக்கும் சேர்ந்து சிமிட்டும். அது சிமிட்டி, உங்கள் விளக்கு எரியாவிட்டால், கால்களை மாற்றிச் செருகியிருப்பீர்கள்.

ஒருநாள் எடுத்துக்காட்டைப் பார்க்காமல் நானே கட்டளைகளைத் தட்டினேன். விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தது. விளக்கை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். காசு கொடுத்து வாங்கிய பலகை போய்விட்டதே என்று மனம் நொந்தேன். ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகள் திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா, அணைத்த பிறகு காத்திருக்கச் சொல்லவில்லையே!" என்றாள். உண்மைதான். அணைந்த மறுகணமே மீண்டும் எரிந்ததால், அணைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வரி சேர்த்தேன், விளக்கு சிமிட்டியது.

அன்று முதல் "நமக்கு எதற்கு?" என்று நான் கேட்பதில்லை. பிள்ளை தவறு செய்தால் பலகையைப் பிடுங்காதீர்கள்; வரி வரியாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிமிட்டிய பிறகு 1000-ஐ 200 ஆக்கிப் பாருங்கள்.

அடுத்த இதழில் இரண்டு விளக்குகளோடு சந்திப்போம்.