தார் போட்ட இடுகாடும் கட்டட அனுமதியும்

கறுப்பினக் கவிதைகளை நம்ம சிறுபத்திரிகைகள் நிறையவே போட்டாச்சு. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தபோது பேரே அங்கிருந்துதான் வந்தது. அடிமைக் கப்பல், பருத்திக்காடு, சாட்டை எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் கறுப்பர்களின் நிலம் போனது சாட்டையால் மட்டுமில்லை. பத்திரம், மனை வரைபடம், மண்டல ஒதுக்கீடு, கட்டட அனுமதி என்ற காகிதங்களாலும்தான். இதைப்பற்றி யாரும் கவிதை எழுதறதில்லை. படிக்க அலுப்பு. பேங்கில் உட்கார்ந்து அடுத்தவன் நிலப்பத்திரத்தைப் புரட்டிப் பிழைக்கிறவன் என்பதால் அந்த அலுப்பு எனக்குப் பழகிப்போச்சு. அதனால் ஒரு ஃபைலைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி என்றொரு கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. ஆனால் சனங்க தேர்ந்தெடுத்த சபையும் சொந்த வரி வருமானமும் உள்ள மாவட்டம். வாஷிங்டன் நகரத்தை ஒட்டிக் கிடக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல். வெள்ளையர் பாதிக்கும் குறைவு. கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் என்று எல்லாரும் கலந்த ஊர். நகரத் திட்டமிடல் படிக்கிற பசங்களுக்கு இது பாடப்புத்தக உதாரணம். பெரிய குடியிருப்பு கட்டுகிறவன் அதில் ஒரு பங்கை வசதி குறைந்தவர்களுக்கு ஒதுக்கணும் என்று 1974லேயே சட்டம் போட்ட கவுண்டி. நல்ல பேர்தான்.

அங்கே ஒரு கடைவளாகமோ அலுவலகக் கட்டடமோ எழுப்புவது லேசான வேலை இல்லை. முதலில் வட்டாரத் திட்டம். அதன்படி எது குடியிருப்பு, எது வணிகம் என்று கவுண்டி சபை மண்டலம் பிரிக்கணும். பிறகு திட்ட வாரியத்தின் முன்னால் மனைப்பிரிவு வரைபடம், கட்டட அமைவு வரைபடம். பொது விசாரணையில் யார் வேணும்னாலும் எழுந்து பேசலாம். கடைசியில் அனுமதிகளுக்கென்றே இருக்கிற ஒரு துறை மண்ணரிப்புத் தடுப்பையும் கட்டட வரைபடத்தையும் பார்த்து முத்திரை குத்தும். சாலை தாங்குமா, பள்ளிக்கூடம் தாங்குமா என்ற கேள்வி 1973இலிருந்து இருக்கிறது. மரத்தைக் கணக்கெடுக்க 1991இல் வந்த மாநில வனப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மழைநீர் எங்கே போகும், கார் எங்கே நிற்கும், எல்லாத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.

இந்த மண்ணுக்கடியில் யார் படுத்திருக்காங்க? அதுக்கு மட்டும் ரொம்ப நாளைக்குக் கட்டம் இல்லை. இடுகாடுகளைப் பட்டியல் எடுத்து, நிலத்தைப் பிரிக்க விண்ணப்பம் வரும்போது பாதுகாக்கணும் என்று 2017இல்தான் கவுண்டி விதி செய்தது. அப்போது பெத்தெஸ்டா பகுதியின் ரிவர் ரோட்டில் சண்டை ஏற்கனவே தொடங்கியிருந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான கறுப்பர்கள் அந்த ரோட்டோரம் நிலம் வாங்கிக் குடியேறினாங்க. நோய்நொடிக்கும் சாவுக்கும் காசு சேர்க்கிற சங்கம் ஒன்று, மோசேயின் பேரை வைத்துக்கொண்ட சங்கம், 1910 வாக்கில் அங்கே ஒரு இடுகாட்டை ஏற்படுத்தியது. 1920இல் மாசிடோனியா பாப்டிஸ்ட் சர்ச் வந்தது. சுத்துவட்டாரத்தில் வெள்ளைப் புறநகர்கள் முளைத்தன. கறுப்பனுக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிக்கொண்ட காலம் அது. பக்கத்து செவி சேஸை உருவாக்கிய பிரான்சிஸ் நியூலாண்ட்ஸ் என்ற செனட்டர், கறுப்பருக்கு வாக்குரிமை தந்த 15ஆவது திருத்தத்தையே ரத்து செய்யணும் என்று 1912இல் கேட்டவர். அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல். வீடு விற்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1968இல். அதற்குள் ரிவர் ரோட்டில் பெட்ரோல் பங்க்கும் கடையும் கிடங்கும் வந்து குடும்பங்கள் கலைந்துபோச்சு. 1958இல் இடுகாட்டு நிலம் கைமாறியது. அறுபதுகளின் கடைசியில் வெஸ்ட்வுட் டவர் என்று 15 மாடிக் கட்டடம் எழுந்தது. இடுகாட்டின் மேல் மண் மூடி, தார் போட்டு, கார் நிறுத்தக் கோடு கிழித்தாங்க. அந்தக் கறுப்பர் குடியிருப்பில் இன்று மிச்சம் அந்த சர்ச் ஒன்றுதான்.

இதை ‘மறந்துபோனது’ என்று எழுதுகிறவர்கள் இருக்காங்க. எனக்கு அந்த வினைச்சொல்லே பிடிக்கவில்லை. வரைபடம் தானா மறக்காது. அதை வரைகிறவன் ஒரு கோட்டை விட்டுவிடணும். அடுத்து வரைகிறவன் முந்தைய வரைபடத்தை அப்படியே நகலெடுக்கணும். மூன்றாவது ஆள் வரும்போது அங்கே இடுகாடே இருந்ததில்லை. அவன் இனவெறியன் இல்லை, ரொம்ப நல்லவன், விதிப்படி முத்திரை குத்தறவன். ஒருத்தன் கையும் அழுக்காகாமல் ஒரு சனத்தின் பிணங்கள் காணாமல் போகும்.

2016இல் அந்த வட்டாரத்துக்குப் புதுத் திட்டம் வந்தது. கூடுதல் கடை, கூடுதல் வீடு. கல்லறை இருந்த இடத்தில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்டும் யோசனை எழுந்து, சர்ச் சனங்க எதிர்த்த பிறகு விலகியது. பக்கத்து மனையில் சாமான் வைக்கிற வாடகைக் கிடங்குக்கு 2020இல் பள்ளம் தோண்டினாங்க. அந்த மனையும் இடுகாட்டில் சேர்ந்ததுதான் என்றது சர்ச் தரப்பு. இல்லை என்றது கட்டுகிற தரப்பு. வாரக்கணக்கில் போராட்டம். அனுமதி கையில் இருந்தது, வேலை நிற்கவில்லை. வீட்டில் வைக்க இடமில்லாத சோபாவுக்கும் சைக்கிளுக்கும் பூட்டுப்போட்ட அறை. பக்கத்தில் பேரன் பேத்தி வந்து பூவைக்க ஒரு கல்லும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். அந்தக் கார் நிறுத்தமும் டவரும் இப்போது தனியார் முதலாளி கையில் இல்லை. ஏழைகளுக்கு வீடு கொடுக்கிற கவுண்டியின் வீட்டுவசதி நிறுவனத்திடம் இருக்கின்றன. 2021இல் அந்த நிறுவனமே அதை 5 கோடி டாலருக்கு மேல் விலைபேசி விற்கப் பார்த்தது. செத்தவர்களுக்காக உயிரோடிருக்கிற ஏழைகளின் வீட்டுக்கு வரவேண்டிய பணத்தைத் தடுப்பதா என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் நம்ம பக்கத்திலேயும் இருக்காங்க. என் பதில் சின்னது: கறுப்பனுக்கு வீடு கட்டக் காசு வேணும்னா கறுப்பனின் கல்லறையைத்தான் விற்கணுமா? அந்தக் கவுண்டியில் வேற நிலமே இல்லையா? பக்கத்திலேயே கென்வுட் கிளப்பின் கோல்ஃப் மைதானம் கிடக்கிறதே.

வழக்குப் போட்டாங்க. மேரிலாந்தில் இடுகாட்டு விற்பனை பற்றிய பிரிவு எந்தச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது தெரியுமா? வணிக ஒழுங்குமுறைத் தொகுப்பில். அதன்படி, இடுகாட்டை வேறு உபயோகத்துக்கு விற்பதற்கு நீதிமன்றம் போய் மற்றவர்களின் உரிமைகள் தீர்ந்ததாகத் தீர்ப்பு வாங்கலாம். 2021 அக்டோபரில் நீதிபதி கார்லா ஸ்மித், உடல்கள் இன்னும் அங்கேயே இருப்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது என்று கண்டு விற்பனையை நிறுத்தினார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2024 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றமும், அந்தப் பிரிவு விற்கிறவனுக்குக் கிடைக்கிற வசதியே தவிர கட்டாயம் இல்லை என்றது. வாரிசுகளின் வேறு உரிமைகளைச் சொல்லி வாதாடும் கதவை மட்டும் திறந்து வைத்தது.

பேங்க் மொழியில் சொன்னால் இது வில்லங்கப் பிரச்சினை. கடன் கேட்டு வருகிறவனிடம் நாங்க முப்பது வருச வில்லங்கச் சான்று கேட்போம். அந்த முப்பது வருசத்தில் தகராறு இல்லைன்னா நிலம் சுத்தம். முப்பத்தோராவது வருசம் யாரை அடித்துத் துரத்தினாங்க என்று எந்தப் படிவமும் கேட்காது. நம்ம பஞ்சமி நிலம் அப்படித்தான் சுத்தமாச்சு. 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று நிபந்தனையோடு கொடுத்த நிலம், இரண்டு மூன்று கை மாறினதும் மனைப்பிரிவாகி, கல்யாண மண்டபமாகி, கம்பெனிக் கிடங்காகி நிற்கிறது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் குண்டடிபட்டுச் செத்தாங்க. நம்ம மயானங்களின் கதையை இங்கே நான் சொல்லணுமா? மயானப் புறம்போக்கு பக்கத்து மனைக்குப் பாதையாவது உங்க ஊரிலேயே நடந்திருக்கும்.

சென்னையைச் சுற்றி நிலப்பயன்பாட்டை வணிகமாக மாற்றக் கேட்கும்போது பேப்பரில் பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு வரும். ஆட்சேபனை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்று கிராமத்தின் பேரும் சர்வே எண்ணும் போட்டிருப்பாங்க. மாணவத் தோழர்கள் அந்த எண்ணை எழுதிக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போங்க. இன்றைய பட்டாவோடு திரும்பிவிடாதீங்க, பழைய அ-பதிவேட்டைக் கேளுங்க. தரமாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. அதில் குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ என்றோ ‘மயானம்’ என்றோ இருந்தால் ஆட்சேபனை மனுவின் முதல் வரியாக அதை எழுதுங்க. நேரில் கொடுத்து, நகலில் அவங்க ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீங்க.